ஹவாயின் மஞ்சள் டாங்: வழக்குக்குப் பின்னால் இருக்கும் உயிரியல்

ஹவாய்த் தீவுகளில் தொட்டியில் வளர்க்க விற்பதற்காகக் கடலில் வண்ணமீன் பிடிப்பது குறித்த வழக்குகள் 2017 முதல் ஓய்ந்தபாடில்லை. தீர்ப்பு வரும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே அதிகம் பிடிபட்ட மஞ்சள் டாங் அழியும் நிலையில் உள்ள மீனே இல்லை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) பட்டியலில் கவலைக்கிடமில்லாத இனமாகத்தான் இருக்கிறது, பிறகு தடை எதற்கு என்று மீன் பிடிப்பவர்கள் கேட்கிறார்கள். பாசி தின்னும் மீனை லட்சக்கணக்கில் அள்ளினால் பவளப்பாறை பாசி மூடிச் சாகும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த மீன் எங்கே பிறக்கிறது, எங்கே ஒளிகிறது, எங்கே மேய்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்று தெரியாமல் கேட்டால் இரண்டுமே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

மஞ்சள் டாங்கின் வாழ்க்கை மூன்று வெவ்வேறு வாழ்விடங்களில் நடக்கிறது. எண்ணிக்கை குறைந்தாலோ கூடினாலோ, அந்த மூன்றில் எது காரணம் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தத் தடை பயன் தரும், எது தராது என்று சொல்ல முடியும்.

## எந்தக் குடும்பத்து மீன்

மஞ்சள் டாங்கின் அறிவியல் பெயர் ஸீப்ராசோமா ஃபிளாவெசென்ஸ். பென்னட் என்பவர் 1828-இல் அதை விவரித்துப் பெயரிட்டார். இது சர்ஜன் மீன் குடும்பமான அகாந்துரிடேயைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் 6 பேரினங்களில் அடங்குகின்றன. பெரும்பாலானவை இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பப் பகுதிகளில் வாழ்பவை. அட்லாண்டிக்கில் ஒரு சில இனங்களே உண்டு.

வண்ணமீன் கடைகளில் 'டாங்' என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் இந்தக் குடும்பத்து மீன்கள்தான், ஆனால் அவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. இலங்கையிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஏற்றுமதியாகும் வெளிர்நீல டாங் இந்தியப் பெருங்கடல் மீன். மஞ்சள் டாங் இந்தியப் பெருங்கடலில் இயல்பாக வாழ்வதில்லை. பாய்போல விரியும் துடுப்பும் வரிகளும் கொண்ட டெஸ்ஜார்டின் டாங்தான் நம் பக்கத்துக் கடல்களில் இருக்கும் அதன் ஒன்றுவிட்ட உறவு.

ஹவாயைத் தவிர ஜப்பானின் ரியுக்யு தீவுகள், மரியானா, மார்ஷல், வேக் தீவு ஆகிய இடங்களிலும் மஞ்சள் டாங் உண்டு. ஆனால் அங்கெல்லாம் அது அரிது. பழுப்பு நிற உறவான ஸ்கோபாஸ் டாங்கும் அதுவும் ஒன்றாக வாழும் இடங்களில் இரண்டும் கலந்து கலப்பினம் பிறப்பதும் உண்டு. கூட்டம் கூட்டமாக, கரையில் நின்றே மஞ்சள் திட்டுகளாகப் பார்க்கும் அளவுக்கு இருப்பது ஹவாயில்தான். அதிலும் பெரிய தீவின் மேற்குக் கரையான கோனா பகுதியே அதன் மையம்.

## வாலடியில் இருக்கும் கத்தி

இந்த மீன் 20 செ.மீ. வரை வளரும். பக்கவாட்டில் மிகத் தட்டையானது, உயரமானது. மூக்குப் பகுதி குழல்போல முன்னுக்கு நீண்டு, நுனியில் சிறிய வாயுடன் முடிகிறது. பவள விரல்களுக்கு இடையிலும் பாறை வெடிப்புக்குள்ளும் வாயை நுழைத்துப் பாசியைக் கொய்ய இந்த அமைப்பு உதவுகிறது. பற்கள் கரண்டி முனைபோல அகன்றவை, நெருக்கமானவை, ஓரத்தில் சிறு மடல்கள் கொண்டவை.

சர்ஜன் என்ற பெயருக்குக் காரணமான உறுப்பு வால் தொடங்கும் ஒடுங்கிய பகுதியில் இருக்கிறது. உடல் முழுக்க மஞ்சளாக இருக்க, அந்த இடத்தில் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை முள் தெரியும். அது செதில் உருமாறி உண்டான முள். மடக்குக்கத்தியைப் போல உடலில் உள்ள பள்ளத்துக்குள் படிந்திருக்கும். பின்முனை உடலோடு இணைந்திருக்க, கூர்முனை தலைப்பக்கம் நோக்கி நிற்கும். மீன் வாலை ஒரு பக்கம் வளைத்தால் மறுபக்கத்து முள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். மீன் பக்கவாட்டில் உரசிச் சென்றாலே எதிரியின் தோல் கிழிந்துவிடும். நாஸோ என்ற பேரினத்தில் இந்த முள் மடங்காது. அங்கே எலும்புத் தகடுகளாக எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும்.

முள்ளுக்குச் சற்று முன்னால் மயிர்போன்ற நுண்ணிய செதில்கள் அடர்ந்த ஒரு திட்டு இருக்கிறது. அது வளர்ந்த ஆண்களில் நன்றாகத் தெரியும். இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நேரத்தில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய இது ஒன்றுதான் ஓரளவு கைகொடுக்கும்.

கையாளுபவர்கள் கவனிக்க வேண்டியது இது: வலையில் சிக்கிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முள் கையைக் கிழிக்கும், அல்லது வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டு மீனின் வாலடியே கிழியும். நுண்கண் வலையோடு சேர்த்து அள்ளி, தண்ணீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றுவதுதான் முறை.

இரவில் இதன் நிறமும் மாறும். மஞ்சள் மங்கி, உடலின் நடுவே பழுப்பு மேகமும் அதன் மேல் ஒரு வெள்ளைக் கிடைக்கோடும் தோன்றும். விடிந்ததும் பழைய நிறம் திரும்பிவிடும். இரவு விளக்கு அணைந்த தொட்டியில் இதைப் பார்த்து நோய் என்று பயந்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

## ஒரு மீன், மூன்று வாழ்விடங்கள்

இந்தக் கட்டுரையின் மையம் இந்தப் பகுதிதான். முட்டை தொடங்கி முட்டையிடும் வயது வரை வரிசையாகப் பார்க்கலாம்.

1. திறந்த கடல்: சுமார் 2 மாதம். வளர்ந்த மீன்கள் அந்தி நேரத்தில் பாறையின் ஆழ விளிம்புக்கு வந்து, இணையாகவோ குழுவாகவோ மேல்நோக்கிப் பாய்ந்து முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. ஆண்டு முழுவதும் முட்டையிட்டாலும் வசந்தகால முடிவிலும் கோடையிலும் அதிகம். பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதல். ஒரு தடவையில் வெளிவருவது சில பத்து முட்டைகளாகவும் இருக்கலாம், 24,000-க்கு மேலும் போகலாம். ஒரு பெண் மீன் ஓர் ஆண்டில் இடுவது சுமார் 10 லட்சம் முட்டைகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை, மிதப்பவை, ஒரு நாளளவில் பொரிப்பவை. பொரித்த லார்வா கரையை விட்டு நீரோட்டத்தோடு போகிறது. மீனின் உட்காதில் இருக்கும் சிறு கல்லான காதுக்கல்லில் நாளுக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், லார்வா திறந்த கடலில் இருக்கும் காலம் சராசரி 54 நாள் என்று தெரிகிறது. கரைக்குத் திரும்பும்போது அது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடலும் வெள்ளிபோல மின்னும் வயிறும் கொண்ட வட்ட வடிவக் குஞ்சு. சர்ஜன் மீன்களுக்கே உரிய இந்தப் பருவத்துக்கு 'அக்ரோனூரஸ்' என்று தனிப்பெயர் உண்டு. பாறையில் இறங்கிய சில நாள்களுக்குள் நிறம் ஏறிவிடும்.

ஹவாய் உலகின் மிகத் தனித்த தீவுக்கூட்டங்களில் ஒன்று. லார்வா போனது போனபடியே இருந்தால் திரும்பி வர வேறு கரை கிடையாது. கோனா கரையில் மௌனா லோவா, ஹுவலாலை எரிமலைகள் வணிகக் காற்றை மறிக்கின்றன. தீவின் காற்று மறைவில் உருவாகும் பெரும் சுழல்கள் லார்வாக்களைக் கரையருகே சுற்றவைக்கவும் செய்யலாம், அகற்றிக் கொண்டு போகவும் செய்யலாம். அதனால்தான் குஞ்சு வரவு ஆண்டுக்காண்டு பல மடங்கு வேறுபடுகிறது. 2014-இல் மேற்கு ஹவாய் பாறைகளில் பல இனக் குஞ்சுகளும் யாரும் எதிர்பாராத அளவில் வந்து குவிந்தன. அதற்கு முன்னும் பின்னும் வறண்ட ஆண்டுகள் இருந்திருக்கின்றன.

2. விரல் பவளக் காடு: 4 முதல் 7 ஆண்டு வரை. கோனா கரையோரத்தில் இறங்கினால் கடலடி மண்டலங்களாகப் பிரிந்திருப்பது தெரியும். கரையை ஒட்டி அலை அடிக்கும் எரிமலைக் கற்களும், அங்கங்கே காலிஃபிளவர் பவளமும். அடுத்து மேடு மேடாக வளரும் லோப் பவளம். சுமார் 10–12 மீட்டர் ஆழத்துக்குப் பிறகு சரிவு தொடங்கும் இடத்தில் பொரைட்டீஸ் கம்ப்ரெஸ்ஸா என்ற விரல் பவளம். அது அடர்ந்து, விரலளவு கிளைகள் நெருங்கி நிற்க, கடலடியையே மூடிவிடும். இந்தக் கிளைகள் எளிதில் ஒடியும் என்பதால் புயலலை எட்டாத ஆழத்தில்தான் இந்தக் காடு நிலைக்கிறது.

மஞ்சள் டாங் குஞ்சு வந்து அமர்வது இங்கேதான். 3 செ.மீ. அளவில் இருக்கும் குஞ்சு, ஆபத்து நெருங்கினால் ஒரு கணத்தில் விரல்களுக்கிடையே மறையும். கிளைகளின் இடைவெளி அதன் உடல் தடிமனுக்குச் சரியாகப் பொருந்துகிறது, துரத்தும் மீனின் தலை உள்ளே நுழையாது. குஞ்சின் துடுப்புகள் உடலளவுக்கு மிக உயரமானவை, விரித்தால் மீன் இருமடங்கு பெரிதாகத் தெரியும். முதல் சில ஆண்டுகள் அது இந்தச் சிறு பரப்பை விட்டு அதிகம் நகர்வதில்லை. கிளைகளின் செத்த அடிப்பகுதியில் வளரும் பாசியை மேய்ந்துகொண்டு அங்கேயே வளர்கிறது.

ஆக, விரல் பவளம் இல்லாத கரையில் லார்வா எத்தனை வந்தாலும் பயனில்லை. அவை மறைய இடமின்றி முதல் வாரங்களிலேயே இரையாகிவிடும். 1956-இல் பிரெஞ்சு பாலினேசியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 'ரோய்' என்ற புள்ளிக் களவா இப்போது கோனா பாறைகளில் பெருகியிருக்கிறது. குஞ்சு குறைவதற்கு உள்ளூர் மீனவர்கள் அதைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள். அது குஞ்சுகளைத் தின்கிறது என்பது சரி. ஆனால் மறைவிடம் அடர்ந்திருக்கும் இடத்திலும் சிதைந்திருக்கும் இடத்திலும் அதே களவா உண்டாக்கும் சேதம் ஒன்றாக இருக்காது.

3. கரையோரக் கற்படுகை: எஞ்சிய வாழ்நாள். பெண் மீன் ஏறக்குறைய 4–6 வயதிலும் ஆண் 5–7 வயதிலும் முதிர்ச்சியடைகின்றன. அப்போது அவை பகலில் விரல் பவளத்தை விட்டு, 3 முதல் 6 மீட்டர் ஆழமே உள்ள எரிமலைக் கற்படுகைக்கு இடம் மாறுகின்றன. வெயில் நேரடியாக விழும் அந்தக் கற்களில் இழைப்பாசி வேகமாக வளர்கிறது, உயிர்ப்பவளம் குறைவு. வளர்ந்த மீனுக்கு மறைவிடத்தைவிடத் தீனிதான் முக்கியம்.

ஆனால் இரவில் அங்கே தங்குவதில்லை. மாலையானதும் கூட்டமாகக் கரையோரத்திலிருந்து ஆழ விளிம்புக்குத் திரும்புகின்றன. இந்தப் பயணம் 600 மீட்டர் வரை இருக்கலாம். முட்டையிடுவதும் இந்தப் பயணத்தின் முடிவில், ஆழ விளிம்பில்தான். மறுநாள் காலை பழைய மேய்ச்சல் இடத்துக்கே வந்துவிடுகின்றன.

## பாசியைத் தின்றால் பவளம் பிழைக்குமா?

'பாசி தின்னி' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் மறைந்திருக்கின்றன. இதைப் பிரித்துச் சொல்லாததால்தான் பொது விவாதத்தில் குழப்பம் அதிகம்.

மஞ்சள் டாங் கல்லின் மேல் சில மில்லிமீட்டர் உயரம் வளரும் இழைப்பாசியின் நுனியைக் கொய்கிறது. அடிவேர் கல்லிலேயே இருக்கும், சில நாளில் திரும்ப வளரும். கொய்வதால் பாசி நீண்டு அடர்ந்து வண்டலைப் பிடித்துவைக்காமல் குட்டையாகவே இருக்கிறது.

அதே குடும்பத்தின் கோலே டாங் இழைப்பாசியை வெட்டுவதில்லை. சீப்புபோன்ற பற்களால் பாசி மேல் படிந்த வண்டலையும் நுண்கழிவையும் வாரி எடுக்கிறது. நாஸோ இனங்களில் சில பெரிய இலைப்பாசியையும் வேறு சில மிதவை உயிரிகளையும் உண்கின்றன. கிளிமீன் பாறையையே சுரண்டி, பாசியை அடியோடு பெயர்த்து வெறும் சுண்ணக் கல்லை வெளிக்காட்டுகிறது. புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள அந்த வெறும் இடம்தான் தேவை. கடல் முள்ளெலியும் அந்த வேலையைச் செய்யும்.

எனவே மஞ்சள் டாங் மட்டும் ஏராளமாக இருந்து கிளிமீனும் முள்ளெலியும் இல்லையென்றால் பாசி கட்டுக்குள் இருக்கலாம், ஆனால் பவளம் புதிதாக முளைக்க இடம் குறைவாகவே கிடைக்கும். மாவி தீவின் கஹேகிலி பகுதியில் வெளியிலிருந்து ஊடுருவிய பாசி பெருகியபோது, 2009 ஜூலையில் அங்கே சர்ஜன் மீன், கிளிமீன், கடல் முள்ளெலி ஆகியவற்றோடு, பாசி மேயும் 'நேனூவே' மீனையும் சேர்த்துப் பிடிக்கத் தடை விதித்தார்கள். எந்த ஓர் இனத்தையும் தனியே காப்பாற்றாமல் மேய்ச்சல் கூட்டம் முழுவதையும் காப்பாற்றியது சரியான முடிவு. டாங்கை மட்டும் முன்னிறுத்திப் பவளத்துக்காக வாதாடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாங்குக்கு இன்னொரு வாடிக்கையான மேய்ச்சல் இடமும் உண்டு: பச்சைக் கடலாமையின் ஓடு. ஆமைகள் குறிப்பிட்ட பாறைகளுக்கு வந்து அசையாமல் நிற்க, டாங்குகள் ஓட்டில் வளர்ந்த பாசியைக் கொய்து சுத்தப்படுத்துகின்றன.

பாசியில் சத்து குறைவு என்பதால் பகல் முழுதும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும், குடலும் நீளம். தொட்டியில் வளர்ப்பவர்கள் நாளுக்கு ஒருமுறை தீனி போட்டால் சில வாரத்தில் வயிறு உள்ளே ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை மெலிந்துவிடும். கடல் பாசித் தாளைக் கிடுக்கியில் மாட்டி, பகல் நேரம் முழுக்க எட்டும் இடத்தில் வைப்பதுதான் இதற்கு வழி.

## காதுக்கல் சொல்லும் வயது

இந்த மீனைப் பற்றிப் பலரையும் வியக்கவைக்கும் செய்தி அதன் ஆயுள். காதுக்கல்லை மெல்லியதாகச் சீவி ஆண்டு வளையங்களை எண்ணியதில், ஹவாயில் 41 வயது மஞ்சள் டாங் கிடைத்திருக்கிறது.

வளர்ச்சி முதல் சில ஆண்டுகளில் வேகம், பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆண்கள் பெண்களைவிடச் சற்றுப் பெரிதாகின்றன. 17 செ.மீ. மீன் ஒன்றைப் பார்த்து வயது சொல்ல முடியாது. அது 8 வயதாகவும் இருக்கலாம், 30 வயதாகவும் இருக்கலாம்.

மீன்வள மேலாண்மைக்கு இதனால் இரண்டு விளைவுகள்:

1. வளர்ந்த மீன்கள் பிழைத்திருந்தால், குஞ்சு வரவு பல ஆண்டு பொய்த்தாலும் இனம் தாங்கும். ஒரு நல்ல ஆண்டு வந்தால் போதும், பழைய தாய்மீன்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். குறுகிய ஆயுள் கொண்ட மத்திக்கு இந்த வசதி கிடையாது.

2. அதே காரணத்தால் சிக்கல் வெளியே தெரியவும் தாமதமாகும். இளமீன்களைத் தொடர்ந்து அள்ளினாலும், ஏற்கெனவே முதிர்ந்த மீன்கள் பல ஆண்டு கரையோரத்தில் மேய்ந்துகொண்டேதான் இருக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. பழையவை சாகச் சாக, அந்த இடத்தை நிரப்ப 4–7 ஆண்டுக்கு முன் விரல் பவளத்தில் எத்தனை தப்பியதோ அத்தனைதான் வரும்.

இரண்டாவது விளைவைப் பற்றித்தான் பொது விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். மீன் பிடிப்பவர்கள் காட்டும் படங்களில் கரையோரக் கூட்டம்தான் இருக்கிறது. அவர்கள் வலை போட்டது வேறு ஆழத்தில், வேறு வயது மீனுக்கு.

## எதைப் பிடித்தார்கள், எப்படி?

மேற்கு ஹவாயின் வண்ணமீன் பிடிப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு மஞ்சள் டாங் ஒன்றாகவே இருந்தது. பிடிப்பு உச்சத்தில் இருந்த காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் மீன்கள் வெளியேறின. சந்தை கேட்பது 5 முதல் 10 செ.மீ. அளவு. அதாவது விரல் பவளத்தில் வாழும் இளமீன்.

முறை இது. முங்குநீச்சல் வீரர்கள் பவளத்தின் ஓரமாக நுண்கண் வலையை வேலிபோல நிறுத்துவார்கள். மீனை மெல்ல அந்தப் பக்கம் ஓட்டி, கைவலையால் அள்ளி, துளையிட்ட வாளியில் சேர்ப்பார்கள். ஹவாயில் சயனைடு போன்ற நஞ்சு பயன்படுவதில்லை. தென்கிழக்கு ஆசியப் பாறைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு.

தவறு நடக்கும் இடம் மேலே கொண்டுவரும் கட்டம். சர்ஜன் மீனின் காற்றுப்பைக்கு வாய்வழியாகக் காற்றை வெளிவிடும் பாதை கிடையாது. 15 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல 2.5 மடங்கு. வேகமாக மேலே தூக்கினால் பையிலுள்ள காற்று அதே விகிதத்தில் விரிந்து உள்ளுறுப்புகளை நசுக்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு: வாளியை இடையிடையே நிறுத்தி மிக மெதுவாக ஏற்றுவது, அல்லது மேலே வந்ததும் நுண்ணிய ஊசியால் பையிலுள்ள மிகைக் காற்றை வெளியேற்றுவது. பார்க்கக் கொடுமையாகத் தெரியும் ஊசிமுறை, சரியாகச் செய்தால் மீனைக் காப்பாற்றும். ஊசி தவறான இடத்தில் பட்டால் குடலில் துளை விழும், பிறகு தொற்று வரும்.

## மூடிய பகுதிகள் காட்டியது

1998-இல் ஹவாய் சட்டமன்றம் சட்டம் 306-ஐ நிறைவேற்றியது. மேற்கு ஹவாய்க் கரையில் குறைந்தது 30 விழுக்காட்டை வண்ணமீன் பிடிப்புக்கு மூட வேண்டும் என்றது அந்தச் சட்டம். 9 மீன் மீட்புப் பகுதிகள் உருவாயின. ஏற்கெனவே மூடியிருந்தவற்றோடு சேர்த்து 2000-இன் தொடக்கத்தில் கரையின் சுமார் 35 விழுக்காடு மூடப்பட்டது.

2007-இல் அளந்தபோது மூடிய பகுதிகளில் 5–10 செ.மீ. இளமீன் அடர்த்தி திறந்த பகுதிகளைப்போல சுமார் 5 மடங்கு இருந்தது. வளர்ந்த மீன்கள் ஏறக்குறைய பாதியளவு கூடுதல். மூடிய பகுதிக்கு 1 கி.மீ. தொலைவுக்குள் இருந்த திறந்த பாறைகளிலும் வளர்ந்த மீன்கள் அதிகம். உள்ளே வளர்ந்தவை எல்லை தாண்டி வெளியே குடியேறின என்பது இதன் பொருள்.

லார்வாக்கள் அதைவிட வெகுதூரம் போகின்றன. 2010-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றில், பெற்றோர்–குஞ்சு என்று உறுதியான 4 இணைகள் கிடைத்தன. தாய் அல்லது தந்தை மீன் பிடிபட்ட இடத்துக்கும் குஞ்சு குடியேறிய இடத்துக்கும் உள்ள தூரம் 15 கி.மீ. முதல் 184 கி.மீ. வரை. பாதுகாத்த இடத்தின் மீன் தொலைவிலுள்ள பாறையையும் நிரப்பும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

ஆனால் எல்லா மூடிய பகுதியும் ஒரே அளவு பலன் தந்துவிடவில்லை. காரணம் மேலே சொன்ன மூன்று வாழ்விடங்கள்தான். அகன்ற விரல் பவளச் சரிவும் அதன் கரைப்பக்கம் கற்படுகையும் சேர்ந்து ஒரே எல்லைக்குள் இருந்தால் மீனின் அன்றாடப் பயணம் முழுதும் பாதுகாப்புக்குள் நடக்கும். கற்படுகை மட்டும் உள்ளே வந்து சரிவு வெளியே விடுபட்டால், வளர்ந்த மீனுக்குக் காவலும் இளமீனுக்கு வலையும் என்றாகிவிடும். கரையைத் துண்டு துண்டாக மூடுவதைவிட, கரையிலிருந்து ஆழம் நோக்கி முழு நீளத்துக்கு மூடுவதே இந்த மீனுக்குப் பொருந்தும்.

2013 இறுதியில் வந்த விதிகள் இன்னொரு படி. பிடிக்கக்கூடிய 40 இனங்களின் பட்டியல் வந்தது. மஞ்சள் டாங்கில் 4.5 அங்குலத்துக்குப் பெரியவை நாளுக்கு 5, 2 அங்குலத்துக்குச் சிறியவை நாளுக்கு 5 என்று வரம்பு வைத்தார்கள். புதிதாக இறங்கிய குஞ்சையும் முதிரும் தறுவாயில் உள்ள மீனையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் பிடிக்கச் சொல்லும் விதி அது. உயிரியல் தெரிந்து எழுதப்பட்ட விதி என்றே சொல்ல வேண்டும்.

## வழக்கு எங்கே நிற்கிறது

2017 செப்டம்பரில் ஹவாய் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் நுண்கண் வலை உரிமம் கொடுப்பது சட்டப்படி செல்லாது என்றது. 2021 தொடக்கத்தில் வணிக நோக்கிலான வண்ணமீன் பிடிப்பு மாநிலம் முழுவதும் நின்றது. பிறகு மேற்கு ஹவாயில் சிலருக்கு மட்டும் குறைந்த அளவு பிடிக்க வழி செய்யும் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை மாநிலத்தின் நில, இயற்கை வள வாரியம் ஏற்றதாகவே கொள்ள வேண்டும் என்பதை 2024-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அறிக்கை ஏற்கப்பட்டதால் உரிமம் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் தனி முடிவு. செய்திகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

பிடிப்பு நின்ற காலத்தில் சந்தைத் தேவையில் ஒரு பகுதியைப் பண்ணை மீன் நிரப்பியது. ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் 2015-இல் மஞ்சள் டாங்கை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியது. அதுவரை தடையாக இருந்தது லார்வாவின் வாய். பண்ணைகள் வழக்கமாகக் கொடுக்கும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி அந்த வாய்க்குப் பெரிது. பார்வோகலானஸ் என்ற மிகச் சிறிய கோப்பிபாடின் (மிதக்கும் நுண் ஓட்டுடலி) குஞ்சுகளைக் கொடுத்தபோதுதான் முதல் வாரங்களைத் தாண்டின. அதன்பிறகும் இரண்டு மாதம் நீரோட்டம், வெளிச்சம், தீனி அடர்த்தி எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு குஞ்சின் அடக்கவிலை கடலில் பிடித்த மீனைவிட அதிகம்.

## எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

தடைக்குப் பிறகு மீன் கூடியதா குறைந்ததா என்று வரும் எந்தக் கணக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த ஆழத்தில், எந்த அளவு மீனை எண்ணினார்கள் என்பதை. 3–6 மீட்டரில் எண்ணியது வளர்ந்த மீன், அது 5 ஆண்டுக்கு முந்தைய கதை. 10–18 மீட்டர் விரல் பவளத்தில் கோடை முடிவில் எண்ணியதுதான் அந்த ஆண்டின் வரவு.

அடுத்தது பவளத்தின் நிலை. 2015-இல் வந்த கடல் வெப்ப அலையில் மேற்கு ஹவாய் பாறைகள் உயிர்ப்பவளப் பரப்பில் ஏறக்குறைய பாதியை இழந்தன. காலிஃபிளவர் பவளமும் லோப் பவளமும் அதிகம் அடிபட்டன. அதன்பின் வெற்றுக்கல்லில் இழைப்பாசி பரவியதால் வளர்ந்த டாங்குகளுக்குத் தீனி கூடவும் வாய்ப்புண்டு. அதைப் பார்த்துப் பாறை நலமாக இருக்கிறது என்று சொன்னால் தவறு. இளமீனுக்கு வேண்டிய விரல் பவளம் நொறுங்கிச் சரளையானால், ஒரு வலைகூட விழாத கரையிலும் குஞ்சுகள் நிலைக்காது.

மூன்றாவது, 2014-இன் அந்தப் பெருவரவு. அந்த ஆண்டு இறங்கிய குஞ்சுகளில் தப்பியவை 2018 முதல் 2021 வாக்கில் முதிர்ந்து கரையோரத்துக்கு வந்திருக்கும். 2017-இல் உரிமங்கள் செல்லாமல் போனதும் 2021-இல் பிடிப்பு முழுதாக நின்றதும் அதே காலத்தில்தான். அந்த ஆண்டுகளில் கரையோரக் கூட்டம் பெருகியதாக ஒரு கணக்கு காட்டினால், அதைத் தடையின் வெற்றி என்று உடனே எழுதிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் மூடிய பகுதியிலும் திறந்திருந்த பகுதியிலும் 5–10 செ.மீ. மீன் எவ்வளவு இருந்தது என்ற கணக்கைப் பக்கத்தில் வைத்தால்தான் தடையின் பங்கையும் 2014-இன் பங்கையும் பிரிக்க முடியும்.